மனச்சிதைவு நோயும் குடும்பச் சிகிச்சையும்

(ஜமாஅத் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சர்க்கரை நோய் பற்றியும் இதய நோய் பற்றியும் கண்புரை பற்றியும் ஜமாஅத்துகளில் பல முகாம்கள் நடைபெறுகின்றன. அந்நோய்களைப் பற்றிப் பேச எவரும் கூச்சப்படுவதில்லை. இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் நோயோ, வீட்டுக் கதவுக்கு உள்ளேயே மறைத்து வைக்கப்படுவது. தமிழில் மனச்சிதைவு என்றும், மருத்துவ உலகில் ஸ்கிசோஃப்ரினியா என்றும் வழங்கப்படும் நோய் அது. நோயாளியைப் பற்றியாவது ஊரார் இரண்டொரு வார்த்தை பேசுவர். அவரோடு இரவும் பகலும் வாழ்கின்ற உம்மாவைப் பற்றியும், வாப்பாவைப் பற்றியும், மனைவி மக்களைப் பற்றியும், உடன்பிறந்தாரைப் பற்றியும் கேட்பார் எவரும் இல்லை. அவர்களைப் பற்றியே இவ்வுரை.

நோயின் இயல்பு

உலகில் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் பேர், அதாவது 300 பேரில் ஒருவர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சராசரிக் கணக்குப்படி பார்த்தால், 1,500 பேர் வாழும் மஹல்லாவில் ஐந்து பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும். ஐவரும் நம் கண்ணில் படுவதில்லை என்றால், அவர்கள் இல்லை என்று பொருளல்ல. வெளியே வருவதில்லை என்றே பொருள்.

பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ இந்நோய் தலைகாட்டுகிறது. படித்து முடித்து, வேலைக்கோ வெளிநாட்டுக்கோ புறப்படும் வயது அது. நோயாளிக்குப் பிறர் காதில் விழாத குரல்கள் கேட்கின்றன. தம்மை யாரோ பின்தொடர்வதாகவும், தமக்கு எதிராகச் சதி நடப்பதாகவும் அசைக்க முடியாத எண்ணம் உண்டாகிறது. பேச்சு கோவையற்றுப் போகிறது. இவை வெளிப்படையாகத் தெரியும் அறிகுறிகள்.

மற்றொரு வகை அறிகுறிகள் உண்டு. குளிக்க மனம் வராமை, யாரோடும் பேசாமை, எதிலும் ஆர்வம் இல்லாமை, மணிக்கணக்கில் படுத்தே கிடத்தல் ஆகியன அவை. குரல்களும் சந்தேகங்களும் மருந்தினால் அடங்கிய பின்னரும் இவை நெடுநாள் நீடிக்கும். வீட்டில் உள்ளவர்கள் இவற்றை நோய் என்று உணர்வதில்லை. சோம்பல் என்றே எண்ணுகின்றனர். பெரும்பாலான வீடுகளில் சண்டை தொடங்கும் இடம் இதுவே.

பழி யார் மீது?

நோய் உறுதியானதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, யார் செய்த குற்றம் என்பதாகும். வளர்த்த முறை சரியில்லை என்று தாயை ஏசுவர். மருமகள் காலடி வைத்த நேரம் என்பர். செய்வினை என்பர். தந்தை வெளிநாட்டிலேயே காலம் கழித்ததால் வந்த வினை என்பர்.

இப்பழியைச் சுமத்தியதில் படித்தவர்களுக்கும் பங்கு உண்டு. 1948-இல் ஃபிரீடா ஃப்ராம் ரெய்க்மன் என்ற மனநல மருத்துவர், தாயின் நடத்தையே பிள்ளைக்கு இந்நோயை உண்டாக்குகிறது என்ற பொருளில் ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார். அதன் பின் பல்லாண்டுகள் மேலை நாட்டுத் தாய்மார்கள் அப்பழியைச் சுமந்தனர். அக்கருத்துக்குச் சான்று ஏதும் இல்லை என்று மருத்துவ உலகம் பின்னர் அதைக் கைவிட்டது. மரபுவழியாக வரும் சாய்வும், மூளை வளர்ச்சியில் ஏற்படும் மாறுதல்களும், வேறு பல சூழல்களும் கலந்தே இந்நோய் தோன்றுகிறது என்பது இன்றைய அறிவு. ஆகவே, இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்களில் எவரேனும் அப்பழியை நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தால், அதை இன்றே இறக்கி வைத்துவிடுங்கள்.

குடும்பத்தின் பேச்சும் நோயின் திரும்புதலும்

குடும்பம் நோயை உண்டாக்குவதில்லை. ஆயினும், நோய் மீண்டும் வருவதிலும் வராமல் இருப்பதிலும் குடும்பச் சூழலுக்குப் பங்கு உண்டு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. ஆஸ்துமாவை அடுப்புப் புகை உண்டாக்கவில்லை என்றாலும், ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் புகை மண்டினால் மூச்சுத் திணறல் வரும் அல்லவா? அதைப் போன்றது இது.

இவ்வுண்மையைக் கண்டறிந்தவர் லண்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை 1950-களில் ஆராய்ந்தபோது, பெற்றோரோடும் மனைவியோடும் வாழச் சென்றவர்களுக்கு, தனி விடுதியில் தங்கியவர்களைவிட அதிகமாக நோய் திரும்பியதைக் கண்டார். பாசம் மிகுந்த இடத்தில் நோய் திரும்புவானேன் என்ற கேள்வி பிறந்தது. அவரும் அவருடைய தோழர்களும் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் அதற்கு விடை கிடைத்தது. ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுகடந்த கவலையும் தலையீடும் ஆகியவை மிகுந்த வீடுகளில், ஒன்பது மாதங்களுக்குள் 58 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. அவை குறைந்த வீடுகளில் 16 விழுக்காட்டினருக்கே திரும்பியது. அம்மூன்றையும் சேர்த்து 'வெளிப்படும் உணர்ச்சி' என்று மருத்துவர்கள் பெயரிட்டனர்.

மூன்றாவதாகச் சொன்ன அளவுகடந்த தலையீடு நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம். முப்பது வயது மகனுக்குச் சோறு ஊட்டுவது, அவன் அறை வாசலிலேயே இரவெல்லாம் விழித்திருப்பது, ஆண்டுக்கணக்கில் ஒரு திருமணத்திற்கும் மய்யித்து வீட்டிற்கும் போகாமல் அவனருகிலேயே கிடப்பது ஆகியவற்றை நாம் தியாகம் என்று போற்றுகிறோம். அத்தியாகத்தில் தாயின் உடல்நலமும் கெடுகிறது. தன்னால் ஏதும் இயலாது என்ற எண்ணமும் மகனுக்குள் வேரூன்றுகிறது.

நம் நாட்டுக் குடும்பங்களுக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. பேராசிரியர் என்.என். விக் அவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் இணைந்து சண்டிகரில் ஆராய்ந்து 1987-இல் வெளியிட்ட முடிவின்படி, அங்கே கால்பங்குக்கும் குறைவான உறவினர்களிடமே இத்தகைய உணர்ச்சி மிகுதி காணப்பட்டது. லண்டனில் அது ஏறத்தாழ பாதியாக இருந்தது. பொறுத்துக்கொள்ளும் பண்பு நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. கூட்டுக் குடும்பம் சுருங்கி, ஆண்கள் வளைகுடாவிலும் பெண்கள் தனியாக ஊரிலும் வாழும் இந்நாளில் அப்பண்பு தேய்ந்துவிடாமல் காக்க வேண்டியதே நம் கவலை.

குடும்பத்தை உள்ளே அழைத்தவர்கள்

உறவினர்களை மருத்துவமனை வாசலிலேயே நிறுத்திவிடும் வழக்கம் உலகெங்கும் இருந்த காலத்தில், அதை மாற்றிக் காட்டியது நம் நாடு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளிகளோடு அவர்களின் உறவினர்களையும் தங்க வைத்தார். அவர்களுக்கு நோயைப் பற்றிக் கற்பித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்திலும், நோயாளியோடு உறவினர் ஒருவர் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறை நிலைபெற்றது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் நோயாளிகளோடு அவர்தம் குடும்பங்களுக்கும் வழிகாட்டி வருகிறது.

மேலை நாடுகளிலும் இவ்வழி பின்னர் வலுப்பெற்றது. 1982-இல் லண்டனில் ஜூலியன் லெஃப் குழுவினர், பதற்றம் மிகுந்த குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, நோயாளிகள் எல்லோருக்கும் மருந்து அளித்து, ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு மட்டும் கூடுதலாகப் பயிற்சி அளித்தனர். பயிற்சி பெறாத குடும்பங்களில் ஒன்பது மாதங்களுக்குள் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. பயிற்சி பெற்ற குடும்பங்களில் பத்தில் ஒருவர் அளவிலேயே திரும்பியது. அது சிறிய ஆய்வுதான். அதன் பின் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளில் பயனின் அளவு கூடியும் குறைந்தும் காணப்பட்டாலும், குடும்பச் சிகிச்சையால் நோய் திரும்புவது குறைகிறது என்ற முடிவு நிலைத்துள்ளது. மூன்று மாதங்கள் முதல் ஓராண்டு வரையிலான காலத்தில் குறைந்தது பத்து அமர்வுகளேனும் குடும்பத்துக்கு அளிக்க வேண்டும் என்று இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது.

குடும்பச் சிகிச்சையில் நடப்பது என்ன?

சிகிச்சை என்றதும், வீட்டார் எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பார்களோ என்று அஞ்ச வேண்டாம். மருத்துவரோ, உளவியலாளரோ, மனநலச் சமூகப் பணியாளரோ குடும்பத்தாரோடு அமர்ந்து பேசுவதே இச்சிகிச்சை. இயன்றவரை நோயாளியும் உடன் இருப்பார். அதில் நான்கு பகுதிகள் உண்டு.

முதலாவது, நோயைப் பற்றிய அறிவு. மருந்து எதற்காக, எவ்வளவு காலம், அதனால் வரும் தூக்கமும் உடல் பருமனும் கை நடுக்கமும் எவ்வாறு சமாளிக்கப்படும் என்பவை விளக்கப்படும். குணமாகிவிட்டது என்று எண்ணித் தாமாகவே மருந்தை நிறுத்துவது நோய் திரும்புவதற்கு மிக முக்கியமான காரணம். குடும்பச் சிகிச்சை மருந்துக்கு மாற்று அன்று. மருந்தோடு சேர வேண்டியது என்பதை அழுத்திச் சொல்கிறோம்.

இரண்டாவது, பேசும் முறை. பத்து மணி வரை படுத்திருக்கும் மகனிடம், "உன் வயசுப் பிள்ளையெல்லாம் சவூதியில சம்பாதிச்சு அனுப்புது, நீ மட்டும் இப்படிக் கெடக்குறியே" என்று உம்மா வெடிப்பது இயல்பே. அச்சொல்லால் மகன் எழுந்து உட்காரப் போவதில்லை. போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொள்வான். "ளுஹர் பாங்கு சொல்றதுக்குள்ள குளிச்சிரு வாப்பா, ரெண்டு பேருமாச் சாப்பிடலாம்" என்று சொன்னால், ஒரு நேரமும் ஒரு செயலும் ஒரு துணையும் அவனுக்குக் கிடைக்கின்றன. குளித்து வந்தால் அதைக் கண்டு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சிறியதாகக் கேட்பது, தெளிவாகக் கேட்பது, செய்ததைப் பாராட்டுவது ஆகிய மூன்றையும் அமர்வுகளில் ஒத்திகை பார்த்தே பழக்குவர்.

உணவில் நஞ்சு கலந்திருக்கிறது என்று நோயாளி சொல்லும்போது, இல்லை என்று வாதாடி வெல்ல முடியாது. ஆமாம் என்று ஒத்துக்கொள்வதும் தவறு. "உனக்குப் பயமாக இருப்பது எனக்குத் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் உன்னோடு ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்" என்று சொல்லலாம். நம்பிக்கையை விட்டுவிட்டு அச்சத்துக்கு மறுமொழி சொல்லும் முறை இது.

மூன்றாவது, முன்னறிகுறிகளைக் கண்டுகொள்ளுதல். தூக்கம் குறைதல், தனியே முணுமுணுத்தல், சந்தேகம் மிகுதல், மாத்திரையைத் தவிர்த்தல் ஆகியவை நோய் திரும்புவதற்கு நாள்கள் அல்லது வாரங்களுக்கு முன்பே தோன்றும். ஒவ்வொருவருக்கும் உரிய அறிகுறிகளைக் குடும்பத்தார் ஒரு தாளில் எழுதி வைத்து, அவை தென்பட்டதும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வாழ விருப்பமில்லை என்ற பேச்சு எழுந்தால் அன்றே செல்ல வேண்டும். இந்நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் தற்கொலையால் உயிரிழக்கின்றனர் என்பதால், அப்பேச்சை வெறும் மிரட்டல் என்று ஒதுக்கலாகாது.

நான்காவது, பராமரிப்பவரின் ஓய்வு. பொறுப்பு முழுவதும் ஒருவர் தலையில் விழாமல் வீட்டாருக்குள் பகிர்ந்துகொள்ளச் செய்வர். வாரத்தில் ஒரு மாலையேனும் அந்தத் தாய் தன் உடன்பிறந்தாள் வீட்டுக்குப் போய்வர வேண்டும். இது நோயாளிக்கும் நன்மையே. எளிய பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களே வீடு தேடிச் சென்று இவ்வழிகாட்டுதலை அளிக்கும் முறை, தமிழ்நாடு உட்பட இந்தியாவின் மூன்று இடங்களில் 282 நோயாளிகளைக் கொண்டு ஆராயப்பட்டு, பயன் தருவது என 2014-இல் வெளிவந்தது. ஆகவே, இது பெருநகரத்துச் செல்வந்தர்களுக்கு மட்டும் உரிய மருத்துவம் அன்று.

நம்மிடையே திருத்திக்கொள்ள வேண்டியவை

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில் ஏர்வாடியில் நடந்ததை நம் தலைமுறை மறக்கலாகாது. தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்களில் பலர் கொடியவர்கள் அல்லர். களைத்துப்போனவர்கள், என்ன செய்வதென்று சொல்லித்தர ஆள் இல்லாதவர்கள். குடும்பத்துக்குத் துணை கிடைக்காத இடத்தில்தான் சங்கிலி நுழைகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை செய்துள்ளது.

துஆ கேட்பதை எந்த மருத்துவரும் தடுப்பதில்லை. குஜராத்தின் உனாவா ஊரிலுள்ள மீரா தாத்தார் தர்காவில், வேண்டுதலுக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்கும் 'தவா, துஆ' திட்டம் நடத்தப்பட்டது. முஜாவர்களே நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்பி வைத்தனர். ஏர்வாடியிலும் அவ்வழி பின்பற்றப்பட்டது. மருந்தை நிறுத்திவிட்டு வா என்று சொல்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்தது திருமணம். நிக்காஹ் முடித்தால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்துச் செய்யப்படும் திருமணங்கள் இரு குடும்பங்களை அழிக்கின்றன. புதிய வீடு, புதிய பொறுப்பு, மறைவாக மருந்து உண்ண முடியாமல் நிறுத்திவிடுதல் ஆகியவை சேர்ந்து சில மாதங்களிலேயே நோயைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். பிறகு அவ்வழக்கு ஜமாஅத் முன்பே வருகிறது. நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர் உண்மையைச் சொல்லி மணமுடித்து வாழ முடியும், வாழ்கின்றவர்களும் உண்டு. மறைப்பதே கேடு. அதே வேளையில், ஒருவருக்கு நோய் என்பதற்காக அவருடைய தங்கைக்கு வந்த வரனைத் தடுப்பதும் அநீதியாகும். உடன்பிறந்தார்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இந்நோய் வருவதே இல்லை.

மூன்றாவது ரமலான். நோன்பு வைக்கும் ஆசையில் பகல் வேளை மாத்திரையை விட்டுவிட்டு, ஸஹர் விழிப்பினால் தூக்கமும் குறைந்து, பெருநாளைக்குள் நோய் திரும்பும் நிலை ஏற்படக்கூடும். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதை ஆலிம்கள் அக்குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நோன்பு வைக்கலாமா, மருந்து வேளையை மாற்றலாமா என்பதை ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜமாஅத்தாரிடம் நாம் வேண்டுவது

மாதத்தில் ஒரு நாள், அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில், ஜமாஅத் மண்டபத்தின் ஓர் அறையை இக்குடும்பங்களுக்காகத் திறந்து வையுங்கள். பலகை தொங்கவிட வேண்டாம். பெயர் எழுத வேண்டாம். உம்மாமார்களுக்குத் தனி அமர்வு இருக்கட்டும். தன் வீட்டில் மட்டுமே இத்துயரம் என்று எண்ணியிருந்தவர், அடுத்த தெருவிலும் அதே துயரம் இருப்பதை அறியும்போது பெறும் ஆறுதலை எந்த மருத்துவராலும் தர இயலாது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரை அதற்கு அழைக்கலாம்.

மாத்திரை வாங்கவும் அரசு மருத்துவமனைக்குச் சென்றுவரவும் இயலாத குடும்பங்களுக்குப் பைத்துல்மாலிலிருந்து போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் மனநோயும் இயலாமையாக ஏற்கப்பட்டுள்ளது. அதற்கான சான்றிதழ் பெற விண்ணப்பம் எழுதித் தர, படித்த இளைஞர்கள் இருவரை நியமியுங்கள். அக்டோபர் 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். இந்த எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

இவை எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. இவை எல்லாவற்றிற்கும் முன்பாக, பொருளே தேவைப்படாத ஒன்றும் உண்டு. நோயாளி இருக்கும் வீட்டுக்குப் பெருநாளன்று போங்கள். அவருக்கும் ஸலாம் சொல்லுங்கள். அவருடைய உம்மாவிடம், "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று அவரைப் பற்றியே கேளுங்கள். பல ஆண்டுகளாக அக்கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

மண்டபத்தின் ஓர் அறையைத் திறக்கும் தீர்மானத்தை நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.